செரண்டிபிட்டி: தேடாததைக் கண்டெடுப்பது

கடலூரிலிருந்து ஒரு கல்லூரி மாணவி கேட்டிருக்கிறார்: "செரண்டிபிட்டி என்ற ஆங்கிலச் சொல்லுக்கு 'இனிய தற்செயல்' என்று பொருள் சொல்லித் தந்தார்கள். பல வருடம் கழித்துப் பள்ளித் தோழியைக் கடலூர் பஸ் நிலையத்தில் சந்தித்ததை ஒரு கட்டுரையில் அந்தச் சொல்லால் எழுதினேன். பொருந்தாது என்று ஆசிரியர் அடித்துவிட்டார். அதிர்ஷ்டத்துக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? தமிழில் இதை எப்படிச் சொல்வது?"

ஆசிரியர் அடித்தது சரி என்பதே என் கருத்து. தோழியைப் பார்த்தது மகிழ்ச்சியான நிகழ்ச்சி, தற்செயலும்கூட. ஆனால் செரண்டிபிட்டிக்கு இந்த இரண்டும் போதாது. அந்தச் சொல்லுக்குள் ஒரு கண்டுபிடிப்பு இருக்க வேண்டும். நாம் வேறு எதையோ தேடிப் போகிறோம், அல்லது வேறு வேலையில் மூழ்கியிருக்கிறோம். கேட்காத ஒன்று குறுக்கே வருகிறது. பத்துப் பேர் பார்த்துவிட்டுப் போயிருக்கக்கூடிய அதை நாம் நின்று பார்க்கிறோம். இதில் ஏதோ இருக்கிறது என்று உணர்கிறோம். தற்செயல் ஒரு பாதி, அதை அடையாளம் காணும் அறிவு மறு பாதி. மறு பாதியை விட்டுவிட்டால் மிஞ்சுவதற்கு அதிர்ஷ்டம் என்ற நல்ல சொல் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது.

சொல்லைப் படைத்தவரே இப்படித்தான் வரையறுத்தார். பெரும்பாலான சொற்களுக்குப் பிறந்த நாள் தெரியாது, இதற்குத் தெரியும். 1754 ஜனவரி 28 அன்று ஹோரஸ் வால்போல் என்ற ஆங்கில எழுத்தாளர், ஃபுளோரன்ஸ் நகரில் பிரிட்டிஷ் தூதராக இருந்த தம் நண்பர் ஹோரஸ் மானுக்கு ஒரு கடிதம் எழுதினார். மான் அவருக்கு பியாங்கா கப்பெல்லோ என்ற இத்தாலியச் சீமாட்டியின் ஓவியத்தை அனுப்பியிருந்தார். பழைய வெனிஸ் குலச்சின்ன நூல் ஒன்றில் அந்தக் குடும்பத்தின் சின்னம் வால்போலின் கண்ணில் பட்டது. இப்படி வேண்டியது கைக்கு வந்து சேரும் விதத்துக்குத் தாமே ஒரு பெயர் வைத்திருப்பதாக நண்பருக்குச் சொன்னார். செரண்டிப் நாட்டு மூன்று இளவரசர்களைப் பற்றிய கதையை எப்போதோ படித்தாராம். அந்த இளவரசர்கள் தாங்கள் தேடாதவற்றைத் தற்செயலாலும் மதிநுட்பத்தாலும் எப்போதும் கண்டுபிடித்துக்கொண்டே போனார்களாம். இரண்டையும் அவர் சேர்த்தே எழுதினார். அதிலும், நிகழ்ச்சிக்கு வைத்த பெயரைவிட ஒரு திறனுக்கு வைத்த பெயராகவே அவருடைய கடிதத்தில் அது தொனிக்கிறது. நிகழ்ச்சியையும் குறிக்கும் வழக்கம் பின்னால் வலுத்தது.

அந்தக் கதை 1557-இல் வெனிஸ் நகரில் இத்தாலிய மொழியில் அச்சானது. அதற்கும் முன்னால் பாரசீகத்தில், 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமீர் குஸ்ரோ எழுதிய காவியத்தில் அது இருக்கிறது. இளவரசர்கள் காணாமல்போன ஓர் ஒட்டகத்தை நேரில் பாராமலே, அதற்கு ஒரு கண் இல்லை, ஒரு பல் இல்லை, ஒரு கால் நொண்டி என்று சொல்லிவிடுகிறார்கள். திருடர்கள் என்று பிடித்து அடைக்கிறார்கள். வழியோரப் புல் ஒரு பக்கம் மட்டும் மேயப்பட்டிருந்தது, ஒரு காலின் தடம் இழுபட்டிருந்தது என்று அவர்கள் காரணம் சொல்ல, ஒட்டகமும் அகப்பட்டு விடுதலை ஆகிறார்கள்.

இந்தக் கதையை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று தமிழ் வாசகருக்குத் தோன்றினால் வியப்பில்லை. அளகாபுரி மன்னனின் நான்கு மந்திரிகள் கதை, அலகேச கதை என்றெல்லாம் நம்மிடம் வழங்குவதில் இதே ஒட்டகம் வருகிறது. அங்கே நான்கு இளைஞர்கள்: கால் நொண்டி என்கிறான் ஒருவன், ஒரு கண் குருடு என்கிறான் அடுத்தவன், வால் குட்டை என்கிறான் மூன்றாமவன், அதற்கு வயிற்றுவலி என்கிறான் நான்காமவன். ஒட்டகம் ஈயையும் கொசுவையும் விரட்ட முடியாமல் போனதை வைத்து வாலின் நீளத்தைச் சொல்வது எனக்கு மிகவும் பிடித்த துப்பு. ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்: ஒட்டகக் கதையில் இருப்பது பெரும்பாலும் துப்பறிவுதான். தேடாதது கிடைக்கும் பக்கம் அதில் மெலிவு. வால்போல் எடுத்துக்காட்டிய கதையைவிட அவர் தந்த வரையறைதான் திருத்தமானது, வரையறையையே பிடித்துக்கொள்ளுங்கள்.

செரண்டிப் என்பது இலங்கை. அரபு, பாரசீக வணிகர்கள் சரந்தீப் என்று அழைத்தார்கள். நான்காம் நூற்றாண்டு ரோமானிய வரலாற்றாசிரியர் அம்மியானுஸ் மார்செல்லினுஸ் அதற்கு நெருக்கமான வடிவத்தை எழுதியிருக்கிறார். சிம்ஹளத்வீபம் என்பது பிராகிருத வழியாக மருவியது என்பது அறிஞர்களில் பெரும்பாலோர் கொள்கை. 'சேரன் தீவு' என்பதே மூலம் என்று நம்மவர் பலர் ஆசையோடு சொல்வதுண்டு. ஒலி ஒத்திருப்பது உண்மை; ஒலி ஒற்றுமையை மட்டும் வைத்து ஒரு சொல்லின் மூலத்தை முடிவு செய்ய முடியாது.

இனி உங்கள் கேள்வியின் நடுப்பகுதிக்கு வருகிறேன். அதிர்ஷ்டம், தற்செயல், செரண்டிபிட்டி ஆகியவற்றைப் பிரித்தறிய நம் பழமொழிகளே போதும். 'காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது' என்பது வெறும் உடன்நிகழ்ச்சி. காக்கைக்கும் பழத்துக்கும் தொடர்பில்லை, யாரும் எதையும் அறிந்துகொள்ளவில்லை. 'பழம் நழுவிப் பாலில் விழுந்தது' என்பது நல்லதோடு நல்லது சேர்ந்த அதிர்ஷ்டம். 'கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது' சற்று வேறு: தேடியதே எளிதாகக் கிடைக்கிறது. ரப்பரைப் பதப்படுத்தும் வழியைப் பல ஆண்டு தேடிய சார்லஸ் குட்இயருக்கு, 1839-இல் கந்தகம் கலந்த ரப்பர் சூடான அடுப்பில் பட்டு விடை கிடைத்தது இந்த வகை. தேடியது அதுதான், வந்த வழிதான் தற்செயல். அதனால் இதைப் போலிச் செரண்டிபிட்டி என்று பிரித்துச் சொல்கிறவர்கள் உண்டு. 'கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது' என்பதில் ஏறக்குறைய எல்லாமே பொருந்துகின்றன: தேடியது ஒன்று, வந்தது ஒன்று. ஆனால் வந்தது கேடு. அதை அப்படியே நன்மைப் பக்கம் திருப்பிப் போட்டு, வெட்டியவனுக்குக் கொஞ்சம் கூர்மையையும் கொடுத்தால் செரண்டிபிட்டி.

உங்கள் பஸ் நிலையச் சந்திப்பு எதில் சேரும்? இறையனார் களவியல் உரையில், தலைவனும் தலைவியும் யாரும் சேர்க்காமல் எதிர்ப்படுவதற்கு ஓர் அருமையான உவமை வருகிறது: வடகடலில் இட்ட ஒரு நுகத்தின் துளையில் தென்கடலில் இட்ட ஒரு கழி சென்று கோத்துக்கொண்டாற்போல. தோழிகள் சந்தித்ததை எழுதவும் அதைவிட நல்ல உவமை கிடைக்காது. அது ஊழின் வேலை. அங்கே மதிநுட்பத்துக்கு இடமில்லை, தேவையும் இல்லை. ஆனால் அந்தச் சந்திப்பில் தோழி பேச்சுவாக்கில் சொன்ன ஏதோ ஒன்று, நீங்கள் எழுதிக்கொண்டிருந்த ஆய்வின் முடிச்சை அவிழ்த்தது என்றால், அதை நீங்கள் அங்கேயே பிடித்துக்கொண்டீர்கள் என்றால், அந்தப் பகுதியைச் செரண்டிபிட்டி என்று எழுதுங்கள். ஆசிரியர் அடிக்க மாட்டார்.

சொல்லின் முழு ஆழத்தையும் காண நம் ஊர்ப்பக்கத்திலேயே எடுத்துக்காட்டுகள் இருக்கின்றன. பென்சிலின் கதை எல்லா நூல்களிலும் இருக்கிறது. ஒரு பத்தியில் சொல்லிவிடலாம். 1928-இல் விடுமுறை முடிந்து லண்டன் ஆய்வகத்துக்குத் திரும்பிய அலெக்சாண்டர் ஃபிளெமிங், பாக்டீரியா வளர்த்த தட்டு ஒன்றில் பூஞ்சை விழுந்திருப்பதையும், அதைச் சுற்றிப் பாக்டீரியா கரைந்துபோயிருப்பதையும் கண்டார். கெட்டுப்போன தட்டு என்று கழுவிப் போட்டிருக்கலாம். சில ஆண்டுகளுக்கு முன்பே கண்ணீரிலும் சளியிலும் பாக்டீரியாவைக் கரைக்கும் லைசோசைமைக் கண்டறிந்தவர் அவர்; கரைதல் என்றால் என்ன என்று அவர் கண்ணுக்குப் பழக்கம் இருந்தது. 1854-இல் லில் நகரில் லூயி பஸ்தேர் பேசியபோது சொன்னது இதைத்தான்: கவனித்தலை நம்பிய துறைகளில் தற்செயல் துணைநிற்பது ஆயத்தமான மனத்துக்கு மட்டுமே.

அரிக்கமேட்டுக்கு வருவோம். புதுச்சேரிக்குத் தெற்கே சுமார் நான்கு கிலோமீட்டரில், காக்காயன்தோப்பை ஒட்டி, அரியாங்குப்பம் ஆற்றின் வலக்கரையில் இருக்கும் மேடு அது. மாந்தோப்பும் தென்னையும்தான் முதலில் தெரியும். ஆற்றங்கரை அரிபட்ட இடங்களில் மண்ணுக்குள்ளிருந்து பழைய செங்கல் வரிசைகள் தலைகாட்டும். மழை பெய்து ஓய்ந்தால் மணிகள் மேலே வரும்: கடுகளவு கண்ணாடி மணிகள், கருநீலத்திலும் செம்பழுப்பிலும், நடுவே நூல் நுழையும் துளையோடு. ஈரமண்ணோடு அள்ளினால் விதை என்றுதான் நினைப்போம். விரலால் தேய்த்தால்தான் பளபளக்கும். ஊர்ப் பிள்ளைகளுக்கு அவை விளையாட்டுப் பொருள்.

1937-இல் புதுச்சேரியில் வாழ்ந்த ழுவோ துப்ரே என்ற பிரெஞ்சு அறிஞர் அந்தப் பிள்ளைகளிடமிருந்து சில கற்களையும் மணிகளையும் வாங்கினார். அதில் ஒன்று மனிதத் தலை குழிவாகச் செதுக்கப்பட்ட முத்திரைக் கல். ரோமானியப் பேரரசர் அகஸ்டஸின் தலை என்று அது அடையாளம் காணப்பட்டது. அந்தக் கல் பிள்ளைகளின் கையில் இருந்தபோது அங்கே தற்செயல் மட்டும் இருந்தது. பழைய நாணயங்களைப் படித்துப் பழகிய துப்ரேயின் கைக்கு வந்தபோதுதான் மறு பாதியும் சேர்ந்தது. பிள்ளைகளைக் குறைத்துச் சொல்லவில்லை. அவர்கள் பொறுக்கியிராவிட்டால் அறிஞருக்கு எதுவும் இல்லை. தற்செயலும் அறிவும் ஒரே ஆளிடம் இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை என்பதற்கும் இது சான்று.

அடுத்த கட்டம் இன்னும் சுவையானது. 1944-இல் இந்தியத் தொல்லியல் துறையின் தலைமை இயக்குநராக வந்த மார்ட்டிமர் வீலர், சென்னை அருங்காட்சியகத்தைப் பார்வையிட்டபோது ஓர் அலமாரியின் இருட்டுக்குள் கையை விட்டார். அகப்பட்டது கைப்பிடியோடு கூடிய ஒரு ஜாடிக் கழுத்து. ரோமானியர் மது ஏற்றி அனுப்பும் ஆம்போரா என்று பார்த்தவுடன் அறிந்தார். எங்கிருந்து வந்தது என்று கேட்டார். புதுச்சேரிப் பக்கம் என்றார்கள். புதுச்சேரிக்கு வந்தார். இங்கே பொது நூலகத்தில் வைத்திருந்த ஓட்டுச் சில்லுகளுக்கிடையே, பளபளக்கும் சிவப்புக் கலத்தின் துண்டுகள் இருந்தன. இத்தாலியில் அரெஸ்ஸோ பகுதியில் செய்த கலம் அது. பொது ஆண்டின் முதல் நூற்றாண்டு பாதியைத் தாண்டி அது புழக்கத்தில் இல்லை. 1945-இல் வீலர் அரிக்கமேட்டை அகழ்ந்தார். அந்தச் சிவப்புக் கலத்தோடு ஒரே மண்ணடுக்கில் கிடைத்த நம் ஊர்க் கலங்களுக்கும் அதனால் காலம் சொல்ல முடிந்தது. தென்னிந்தியத் தொல்லியலுக்கு ஆண்டுக் கணக்கில் ஒரு பிடிமானம் அங்கேதான் வாய்த்தது.

வீலருக்கு நடந்தது செரண்டிபிட்டியா? என் தீர்ப்பு: பாதிக்கு மேல் ஆம். தென்னிந்திய வரலாற்றுக்கு ஒரு காலப் பிடிமானம் வேண்டும் என்று அவர் தேடிக்கொண்டுதான் இருந்தார். அந்த அளவில் அது கும்பிடப் போன தெய்வம். ஆனால் ஜாடிக் கழுத்தை அந்த அலமாரியில் அவர் எதிர்பார்க்கவில்லை. அதைப் பிடித்த கை, இளமையில் ரைன் நதிப் பகுதியின் ரோமானிய மட்பாண்டங்களைப் படித்த கை. அதே அலமாரிக்குள் வேறொருவர் கைவிட்டிருந்தால் உடைந்த ஜாடிதான்.

அரிக்கமேட்டுக்கு இன்னொரு பழைய விருந்தாளியும் உண்டு. சூரியனை வெள்ளிக் கோள் கடப்பதைப் புதுச்சேரியில் இருந்து அளப்பதற்காக 1760-இல் பிரான்சிலிருந்து கப்பலேறினார் லெ ழாந்தி என்ற வானியலாளர். அவர் வந்து சேருவதற்குள் ஊர் ஆங்கிலேயர் கையில் விழுந்துவிட்டது. 1761 ஜூன் 6 அன்று ஆடும் கப்பலிலிருந்து கடப்பைப் பார்த்தார், அளக்க முடியவில்லை. அடுத்த கடப்புக்காக எட்டு ஆண்டு கீழ்க்கடல்களிலேயே தங்கினார். 1769 ஜூன் 4 காலையில், புதுச்சேரி வானத்தை மேகம் மூடிக்கொண்டது. கடப்பு முடிந்த பிறகு வெயில் அடித்தது. அடுத்த கடப்பு 1874-இல்தான்.

தேடிவந்ததை இரண்டு முறையும் இழந்த அந்த மனிதர் இங்கே கண்டது என்ன? தமிழ்க் கணிதர்கள் சோழிகளைத் தரையில் வைத்து, எண்களைச் சொற்களில் பொதிந்த மனப்பாட வாக்கியங்களைக் கொண்டு கிரகணம் கணிப்பதைக் கண்டார், உட்கார்ந்து கற்றுக்கொண்டார். 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணத்தின் நீளத்தைத் தமிழ் முறையில் கணித்தால் 41 விநாடிதான் குறைந்தது. ஐரோப்பாவில் புகழ்பெற்ற டோபியாஸ் மாயரின் அட்டவணைப்படி 68 விநாடி கூடியது. இதை ஊர் திரும்பி எழுதியும் வைத்தார். ஆற்றங்கரையில் ஊரார் பெரிய பழஞ்செங்கற்களைப் பெயர்த்தெடுப்பதையும் குறித்திருக்கிறார். அதுதான் இன்று நாம் சொல்லும் அரிக்கமேடு. கணிதத்தில் அவர் செரண்டிபிட்டிக்கு முழு உரிமையாளர். செங்கல்லில் அப்படி இல்லை: பார்த்தார், குறித்தார், கடந்து போனார். அதன் பொருளை அறிய வேறு பயிற்சி வேண்டியிருந்தது. இப்படி ஒரே மனிதரிடம் இரண்டும் இருப்பதால்தான் இந்தச் சொல்லை விளக்க எனக்கு அவரைவிட நல்ல ஆள் அகப்படவில்லை.

கடலூர்க்காரரான உங்களுக்கு இன்னும் அருகில் இருப்பது நெய்வேலி. 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் தண்ணீருக்காகக் கிணறு தோண்டினார். தண்ணீரோடு கருமையான ஏதோ ஒன்று வந்தது. கரிய சேறு என்று அள்ளி வரப்பில் கொட்டியிருக்கலாம். பலரும் அதைத்தான் செய்திருப்பார்கள். அவர் அதை எடுத்து வைத்து, அரசின் கவனத்துக்குக் கொண்டுபோனார். அது பழுப்பு நிலக்கரி. பின்னர் முறையான துளைப்பு ஆய்வுகள் நடந்தன. 1956-இல் அதை வெட்டியெடுக்க நிறுவனம் தொடங்கப்பட்டது. இதில் ஒரு நுணுக்கம் உண்டு: அவர் தேடிய தண்ணீரும் அங்கே ஏராளமாக இருந்தது. நிலக்கரிப் படுகைக்குக் கீழே அழுத்தத்தோடு அடைபட்ட நீர்த்தாங்கி இருக்கிறது. அந்த நீரை இடைவிடாமல் இறைத்து அழுத்தத்தைக் குறைத்தால்தான் கரியையே வெட்ட முடியும். தேடியதும் தேடாததும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன.

'இனிய' என்ற அடைமொழி யாருக்கு என்ற கேள்வியும் நெய்வேலியில் எழும். சுரங்கத்துக்கு நிலம் கொடுத்து ஊரை விட்டுப் பெயர்ந்த குடும்பங்களிடம் போய் இதை இனிய தற்செயல் என்று சொல்ல எனக்கு மனம் வராது. அவர்களுக்கு அது கிணறு வெட்டிய கதையின் மற்ற வடிவம்தான். சொல்லைப் பயன்படுத்தும்போது கண்டவர் யார், பயனடைந்தவர் யார் என்று ஒரு நிமிடம் யோசிப்பது நல்லது.

வழக்கைப் பற்றிச் சில. மானுக்கு வால்போல் எழுதிய கடிதங்கள் அச்சில் வந்தது 1833-இல்; அதுவரை சொல் உறைக்குள்ளேயே இருந்தது. இருபதாம் நூற்றாண்டில் வால்டர் கேனன், ராபர்ட் மெர்ட்டன் போன்ற அறிஞர்கள் ஆராய்ச்சி நடக்கும் விதத்தைப் பேச அதை எடுத்துக்கொண்ட பிறகு பரவியது. பரவப் பரவப் பொருள் தளர்ந்து, இன்று ஆங்கிலத்திலேயே எந்த நல்ல தற்செயலையும் குறிக்கப் பலர் பயன்படுத்துகிறார்கள். பேச்சில் அதைத் தடுக்க முடியாது. எழுத்தில், குறிப்பாகக் கட்டுரையில், பழைய இறுக்கத்தோடு வைத்துக்கொள்வதே மேல். இல்லாவிட்டால் நமக்கு ஒரு நுண்ணிய கருவி மழுங்கிப்போகும். லாட்டரிப் பரிசு, தேர்வில் படித்த கேள்வியே வந்தது, ரயில் தாமதமாகி இருக்கை கிடைத்தது ஆகிய எதற்கும் இந்தச் சொல் வேண்டாம். நூலகத்தில் ஒரு நூலைத் தேடிப் போய், பக்கத்தில் இருந்த வேறொன்றை உருவிப் பார்த்து, ஆய்வின் திசையே மாறியதா? தயங்காமல் எழுதுங்கள்.

தமிழில் எப்படிச் சொல்வது? 'தற்செயல் நற்பேறு', 'எதிர்பாரா நற்பேறு' என்றெல்லாம் எழுதலாம்தான். எனக்கு அவற்றில் நிறைவில்லை. பேறு என்றவுடன் பெற்றவர் சும்மா இருந்ததாக ஆகிவிடுகிறது. ஒரே பெயர்ச்சொல்லில் அடைக்க முயலாமல் வினைச்சொல்லில் போவதே நம் மொழிக்கு இயல்பு. 'எனக்குக் கிடைத்தது' என்று சொன்னால் வேலை பொருளுடையது. 'நான் கண்டெடுத்தேன்' என்று சொன்னால் காண்பதும் எடுப்பதும் நம்முடையவை. கண்டெடுத்தல் என்ற அந்தச் சொல்லிலேயே கண்ணும் கையும் இருக்கின்றன. முன்னால் 'தேடாமல்' என்று ஒன்றைச் சேர்த்தால் வால்போல் சொன்ன இரண்டு பாதிகளும் வந்துவிடும்: "தண்ணீருக்குத் தோண்டியவர் நிலக்கரியைத் தேடாமல் கண்டெடுத்தார்." பெயர்ச்சொல்லாகவே வேண்டும் என்றால் 'தேடாக் கண்டெடுப்பு' என்று எழுதிப் பார்க்கலாம். முதல் முறை வரும் இடத்தில் ஒரு வரி விளக்கம் கொடுத்துவிட்டால் வாசகருக்குத் தடை இருக்காது. அறிவியல் கட்டுரையில் 'செரண்டிபிட்டி' என்றே தமிழ் எழுத்தில் எழுதுவதும் தவறில்லை. அந்தச் சொல்லுக்குள் ஈழத்தின் பழைய பெயர் இருப்பதால் நமக்கு அது முற்றிலும் அந்நியமும் அன்று.

நேரம் கிடைத்தால் புதுச்சேரி அருங்காட்சியகத்துக்கு ஒருமுறை போய்வாருங்கள். அரிக்கமேட்டுப் பொருள்கள் அங்கே இருக்கின்றன. மணிகளையும் ஓட்டுத் துண்டுகளையும் பார்க்கும்போது, விளக்க அட்டையைப் படிப்பதற்கு முன்னால் இவற்றில் எதை நீங்களாக நிறுத்திப் பார்த்திருப்பீர்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். கட்டுரையைத் திருத்தி எழுத அது உதவும்.